கிணற்றடிகள் வழியே வடக்கு

சனி – ஏ9 வீதி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் பள்ளம் தேடினாலும் கிடைக்காது. காலையில் கண்டியில் ஏறிய பஸ் வவுனியா தாண்டியதும் இன்னும் வேகம் பிடித்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒரு காலத்தில் எல்லாரும் இறங்கி, பொதி அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபக்கம் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடுமாம். இன்று பக்கத்து சீட்டு அக்கா சொன்னபடியால்தான் அந்த இடம் கடந்துபோனது எனக்குத் தெரிந்தது. இந்தப் பாதை 2002 போர்நிறுத்தத்தில் திறந்து, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடி, போர் முடிந்த பிறகுதான் எல்லா ஊர் வீதியையும் போல ஆனது.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்புப் பாத்தி, கண் கூசும் வெளிச்சம். 1991 சண்டையில் புலிகள் ஓட்டிவந்த இரும்புக் கவசம் போட்ட புல்டோசரை வீதியோரம் மேடை கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்த சுற்றுலா பஸ் ஒன்று அங்கே நின்றது. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2000 ஏப்ரலில் இங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் போனது, 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்தது. யார் வென்றபோது யார் கல் நட்டார்கள் என்பதைத்தான் நினைவுச் சின்னங்கள் சொல்கின்றன. இந்தப் பயணத்தில் அவற்றைத் தேடி இறங்குவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா. லொட்ஜ் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால் நிரம்பிவிட்டது. சினேகிதியின் மாமி கொக்குவிலில் இருப்பதால் தப்பித்தேன். ஒழுங்கைக்குள் திரும்பி, தகரப் படலையைத் தள்ளினால் முற்றம், மாமரம், பின்னால் கிணறு. "தனியவோ வந்தனீங்கள் பிள்ளை?" என்பதுதான் முதல் கேள்வி. முதுகுப் பையைப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ளை என்ன கல்லே கிடக்குது?" என்பது இரண்டாவது.

நான் மலையகத்துப் பொகவந்தலாவைக்காரி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் என்றால் பீலி. மலையிலிருந்து வருவதை லயத்து ஆட்கள் வரிசையில் நின்று பிடிப்போம். வளவுக்கு வளவு, அதாவது வீட்டுக் காணிக்கு வீட்டுக் காணி, சொந்தமாக ஒரு கிணறு என்பது எனக்கு அதிசயம். மாமி வீட்டில் மோட்டார் இருக்கிறது. ஆனாலும் கப்பியும் கயிறும் வாளியும் கழற்றப்படவில்லை. "கரண்ட் இல்லாமல் வருசக்கணக்காய் இருந்தனாங்கள் பிள்ளை. ஜாம் போத்தல் விளக்கு. சவுக்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. கிணறு மட்டும் ஆரையும் கேக்காமல் ஊறிச்சுது." 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையைப் பற்றி நான் படித்த எல்லாவற்றையும் விட இது சுருக்கமாக இருந்தது.

ஞாயிறு – பட்டணம்

விடியற்காலையில் நல்லூர். கோயிலைச் சுற்றிய வீதிகளை வாகனங்களுக்கு மூடி, மணல் பரப்பியிருக்கிறார்கள். ஈர வேட்டியோடு அங்கப்பிரதட்சணம் செய்யும் ஆண்கள், பின்னால் அடி அழிக்கும் பெண்கள். கனடாவிலிருந்து வந்த ஒரு பையன் மணல் சுடுமா என்று அம்மாவிடம் கேட்டான். "இப்ப சுடாது, பத்து மணிக்குக் கேள்" என்றார் அம்மா. பூசை நேரம் என்றால் நேரம்தான். மணிக்கூட்டுப்படி நடக்கும் கோயில் இது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நடந்தே போனேன். 1981 மே 31 இரவு அதை எரிக்கத் தொடங்கினார்கள். போனவை சுமார் 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள். கட்டடத்தைப் பழைய வடிவிலேயே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள், வெள்ளை வெளேரென்று. வாசிப்பறையில் உயர்தரம் (ஏ.எல்.) படிக்கும் பிள்ளைகள் இடம் பிடிக்க அடிபடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் குறித்த நேரம்தான் அனுமதி, அது சரிதான். படிக்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே கமராவைப் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

கோட்டையில் அதிக நேரம் நிற்கவில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் நட்சத்திர வடிவில் பெருப்பித்து, 1990 முற்றுகையில் உடைந்து, இப்போது திருத்துகிறார்கள். மாலையில் காதலர்கள் குடை பிடித்து உட்காருகிறார்கள். போதும்.

நான் அதிக நேரம் நின்றது சோனகர் தெருப் பக்கம். 1990 அக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னவர்கள் புலிகள். வடக்கு முழுவதிலும் இருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கு மேல். பெரும்பாலானோர் புத்தளத்தில் முகாம்களில் வளர்ந்து, அங்கேயே பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் கொஞ்சப் பேர். தெருவில் சில வீடுகளுக்குப் புதுப் பெயின்ட். அடுத்தடுத்த காணிகளில் கூரையில்லாத சுவர், சுவருக்குள் ஆலமரம்.

தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் தன் பழைய வளவைக் காட்டினார். கதவு, நிலை, ஓடு, தரைக்கல் வரை போய்விட்டது. கிணறு நிற்கிறது. கட்டு மட்டும் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. "இறைச்சுத் துப்பரவு செய்ய மூணு நாள் போச்சு. உள்ளுக்க என்னெல்லாம் கிடந்த தெரியுமா? தையல் மெசின். யாரோ எடுத்துட்டுப் போக நினைச்சு, ஏலாம போட்டிருக்காங்க போல. வாப்பாட மெசின்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நம் ஆட்கள் இடம்பெயர்ந்த கதையைச் சொல்லும்போது இந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடுகிறோம். யாழ்ப்பாணத்தில் எனக்குக் கிடைத்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இது இல்லை.

திங்கள் – வலிகாமம் வடக்கு

மாமியின் லுமாலா சைக்கிளை எடுத்துக்கொண்டு காங்கேசன்துறை வீதியில் நேரே வடக்கு. இணுவில், சுன்னாகம், மல்லாகம். இரண்டு பக்கமும் செம்மண், வாழை, வெங்காயம், தோட்டக் கிணறுகளில் இருந்து குழாய் இழுத்து இறைக்கிறார்கள். ஆறு இல்லாத நாடு இது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர்தான் மொத்தச் சொத்து.

மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் கொஞ்சம் இளைப்பாறினேன். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டு இந்த வாசலில்தான் போராடினார்கள், அடி வாங்கினார்கள். பிறகு 1990இல் எல்லாச் சாதியும் ஒன்றாக இந்த ஊரை விட்டு ஓடியது. திரும்பி வந்தபோது ஒன்றாக வந்ததா என்பது வேறு கதை, கீழே வருகிறேன்.

கீரிமலைக் கேணியில் கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீர் ஊறுகிறது. குதிரை முகம் கொண்ட இளவரசி குளித்து அழகு பெற்ற கதையைச் சொல்லிக்கொண்டே ஒரு தாத்தா பேரனைத் தண்ணீருக்குள் தள்ளினார். பெண்களுக்குத் தனிக் கேணி, மறைப்பு உண்டு. குளித்துவிட்டு ஈரத்தலையோடு காங்கேசன்துறை. சீமெந்து ஆலை 1990இல் நின்றது நின்றதுதான். கல் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ரயில் மட்டும் 2015 ஜனவரியில் மறுபடி இங்கே வந்து சேர்ந்தது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பலும் வந்தது.

சுற்றி வந்து மயிலிட்டி. ஒரு காலத்தில் வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. 1990 ஜூனில் சனம் வெளியேறியது. உயர் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் மூடிய துறைமுகத்தை 2017 ஜூலையில் விட்டார்கள். இருபத்தேழு வருடம்.

துறைமுகத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் தண்ணீர் கேட்டேன், கதை கிடைத்தது. "விடுறாங்கள் எண்ட உடனை ஓடி வந்தனாங்கள் பிள்ளை. வந்து பாத்தால் காடு. வீதி எது, ஒழுங்கை எது, ஒண்டும் தெரியேல்லை. நான் பிறந்த வளவை என்னாலை கண்டுபிடிக்க ஏலேல்லை. வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. பிறகு பத்தைக்குள்ளை கிணறு ஒண்டு தட்டுப்பட்டுது. கட்டிலை அப்பு ஆணியாலை கீறின வருசம் கிடந்தது. அதைத் தடவிப் பாத்துத்தான் இது எங்கட வளவு எண்டு உறுதிப்படுத்தினது. அதிலை இருந்து இத்தினை முழம் அடுப்படி, இத்தினை முழம் விறாந்தை எண்டு அளந்து கொட்டில் போட்டம்."

இதே கதையை இந்தப் பக்கம் வேறு ஆட்களிடமும் கேட்டேன். நில அளவைக் கல் பிடுங்கப்பட்டிருக்கும், வேலி இருக்காது, மரம் தறிக்கப்பட்டிருக்கும். ஓடும் மரமும் கல்லும் கழற்றிக்கொண்டு போகலாம். கிணற்றைக் கழற்ற முடியாது.

வளவு கிடைத்தவர்கள் கதை இது. இன்னும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் காணி உள்ளவர்கள் இருக்கிறார்கள். தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழுந்துவிட்டது, காணிக்காரர்கள் பௌர்ணமி நாள்களில் வீதியோரம் நின்று போராடுகிறார்கள். இவர்களுக்காவது காணி உறுதிப்பத்திரம் கையில் உண்டு. உறுதியே இல்லாதவர்களைத் திரும்பும் வழியில் பார்த்தேன். பழைய முகாம் ஒன்றின் தகரக் கொட்டில்கள். காணி விடுவிக்க விடுவிக்க மற்றவர்கள் போய்விட்டார்கள். தங்கிப்போனவர்கள் போருக்கு முன்பும் காணி இல்லாதவர்கள். கூலித் தொழிலாளர், கடல்தொழிலாளர், சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும். மீள்குடியேற்றம் என்றால் முன்பு இருந்த இடத்துக்குப் போவது. இவர்கள் முன்பு இருந்தது இன்னொருவர் காணியின் ஓரம். "நாங்கள் ஆரின்ர கிணத்தடிக்குப் போறது?" என்று ஓர் அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

செவ்வாய் – நெடுந்தீவு

புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போகும் பஸ் பாதையில் இரண்டு பக்கமும் கடல். புங்குடுதீவில் பாதி வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. ஆட்கள் பாரிஸ், இலண்டன், கொழும்பு. கோயில்கள் மட்டும் வெளிநாட்டுப் பணத்தில் பளபளவென்று. குடியிருக்க ஆளில்லாத ஊரில் கோபுரம் மட்டும் வருடா வருடம் உயர்கிறது. ஊர்ப்பற்றுத்தான், ஆனால் அந்தக் காசில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியரைப் பிடித்து வைக்க முடியாதா என்று எனக்குள் இருக்கும் டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார்.

நயினாதீவுப் படகு நிரம்பி வழிந்தது. நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகும் சனம் ஒரே படகில் நெருக்கியடித்து ஏறுகிறது. நெடுந்தீவுப் படகில் ஊர்ச் சனம்: மண்ணெண்ணெய்ப் பீப்பா, பாண் பெட்டி, கோழிக் குஞ்சு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஆச்சி. ஒரு மணி நேரம். சோளகக் காற்றில் படகு ஏறி இறங்கியது. ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பயமா, எனக்குப் பயம் என்று நினைத்தாரா தெரியவில்லை.

"குமுதினியிலை நான் அண்டைக்குப் போயிருக்க வேணும்" என்று அவர் பாதி வழியில் சொன்னார். 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துக் கடற்படையினர் ஏறினார்கள். வெட்டியும் குத்தியும் கொன்றார்கள், குழந்தை உட்பட. அன்று காலை ஆச்சியின் மாடு கன்று போட்டதாம், அதனால் போகவில்லை. அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்த மாட்டைப் பற்றியே நிறையச் சொன்னார், நல்ல கறவையாம்.

தீவு முழுக்கப் பவளப் பாறைக் கல்லால் அடுக்கிய வேலி. சாந்து இல்லை, கல்லின் மேல் கல். பனை, வெளி, வெயில். பெருக்கமரத்தின் பொந்துக்குள் நாலைந்து பேர் நிற்கலாம். எல்லாரும் பார்க்க வருவது மட்டக் குதிரைகளை. போர்த்துக்கேய, ஒல்லாந்தக் காலத்தில் கொண்டுவந்து பெருக்கியவற்றின் வழிவந்தவை. எனக்கு வாய்த்தது அவை தொட்டியைச் சுற்றிச் சண்டை போட்ட காட்சி. ஆவணி வெயிலில் வெளியில் இருக்கும் குட்டைகள் வற்றிவிட, யாரோ நிரப்பிய சீமெந்துத் தொட்டிக்கு வந்திருந்தன. விலா எலும்பை எண்ணலாம். படத்தில் பார்க்கும் பிடரி மயிர் பறக்கும் குதிரை மாரி காலத்துக் குதிரை.

மனிதருக்கும் அதே பாடு. நல்ல தண்ணீர் ஊறும் இடம் தீவில் சில மட்டுமே, மற்றதெல்லாம் உவர். ஓட்டோத் தம்பி என்னைக் கூட்டிப்போன ஒரு கிணற்றடியில் தண்ணீர்க் கான்கள் வரிசையாக இருந்தன, எங்கள் பீலியடி வரிசை அப்படியே. வரிசைக்குள் நடக்கும் சண்டையும் அப்படியே. மத்தியானம் ஒரு வீட்டில் சோறும் நண்டுக் கறியும் முருங்கையிலைச் சுண்டலும். சாப்பிட்ட பிறகு கை கழுவ எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறேன் என்று அந்த அக்கா பார்த்ததை நான் பார்த்தேன்.

கடைசிப் படகைப் பிடித்துத் திரும்பினேன். உடம்பெல்லாம் உப்பு. மாமி வீட்டுக் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி ஊற்ற மனம் வரவில்லை.

புதன்

எங்கும் போகவில்லை. துணி துவைத்தேன். மாமி ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் கூழ் வைத்தார்: மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய். பலாவிலையைக் கோலிக் குடிக்க வேண்டும். மூக்கில் தண்ணீர் வந்தால்தான் சரியான உறைப்பு.

கூழுக்கு வந்த பக்கத்து வீட்டம்மா என்னிடம் சொந்த ஊர் கேட்டார். பொகவந்தலாவை என்றேன். "அதுக்கு முன்னம்?" என்றார். இங்கே ஊர் கேட்பது ஊருக்காக மட்டும் இல்லை என்று சினேகிதி முன்பே சொல்லியிருந்தாள். "அதுக்கு முன்னம் திருச்சிப் பக்கம், வெள்ளைக்காரன் கப்பலேத்தினான்" என்றேன். மாமி இன்னொரு அகப்பை கூழை அவருக்கு ஊற்றி வாயை அடைத்தார்.

வியாழன் – வடமராட்சி

பருத்தித்துறை பஸ்ஸில் போய், வழியில் நவக்கிரியில் இறங்கி நிலாவரைக் கிணறு. அடியில்லாக் கிணறு என்பார்கள். இராமர் அம்பு ஊன்றி உண்டாக்கினார் என்பார்கள். விஷயம் அதைவிடச் சுவையானது. மேல் தண்ணீர் நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுக்க அப்படித்தான். மழையில் இறங்கிய நன்னீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. அளவோடு அள்ளினால் நன்னீர் வரும், மோட்டார் போட்டு அடாவடியாக இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். போதாததற்குத் தோட்டங்களில் கொட்டும் யூரியாவின் நைத்திரேற்றும் கிணற்றுக்குள் இறங்குகிறது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித மூச்சே ஒரு கட்டுப்பாடு. போர் முடிந்ததும் எல்லாரும் முதலில் வாங்கியது மோட்டார்தான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

வல்வெட்டித்துறையில் இறங்கியவுடன், பிரபாகரனின் வீடு இருந்த வெறுங்காணிக்குக் கூட்டிப்போகவா என்று கேட்டார் ஓட்டோ அண்ணை. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்களாம். நான் அன்னபூரணியைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊரில் கட்டிய பாய்க்கப்பல். அமெரிக்கர் ஒருவர் வாங்கி, இந்த ஊர்க் கடலோடிகளே ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். "எங்கட பெரியப்பாவின்ர ஆக்கள் அதிலை போனவை" என்றார். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் யாரோ ஒருவர் அதில் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

பருத்தித்துறையில் தெருமூடி மடத்துக்கு ஊடாக வீதியே போகிறது. கூரைக்குக் கீழே வீதி, இரு பக்கமும் கல் திண்ணை. பாதசாரி படுத்து எழும்பிப் போக யாரோ புண்ணியவான் கட்டியது. அரைமணி நேரம் நானும் படுத்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வடை இரண்டு பை வாங்கினேன். அப்புறம் மணற்காடு. மணல் மேடுகளுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயம். இந்தக் கரைச் சனத்துக்குப் போருக்கு நடுவே 2004 டிசம்பர் 26இல் கடலும் வந்தது. அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் நடுவே அகப்பட்டவர்களைச் சுனாமியும் விட்டுவைக்கவில்லை. எந்த இழப்பு எதனால் என்று பிரித்துக் கேட்கப் போனால் அவர்களே குழம்புகிறார்கள், நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

வெள்ளி – முகமாலை, முள்ளிவாய்க்கால்

மாமியிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். பனங்கட்டிக் குட்டான் ஒன்று பைக்குள் ஏறிவிட்டது.

முகமாலையில் பனைகளுக்குத் தலை இல்லை. வருடக்கணக்காக இரண்டு தரப்பின் முன்னரங்கும் இங்கேதான். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள், "மிதிவெடி" என்று மூன்று மொழியில். பளையில் தேத்தண்ணி குடிக்க இறங்கிய இடத்தில் கண்ணிவெடி அகற்றும் பெண்கள் சிலர் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார்கள். ஹலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்களில் இந்த வேலையைச் செய்பவர்களில் நிறையப் பேர் இந்தப் பக்கத்துப் பெண்கள், கணவனை இழந்தவர்களும் காணாமல் கொடுத்தவர்களும் உட்பட. மெல்லிய மண்ணில் வாரியால் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி முன்னேறுவார்களாம். மேலிருந்து அமத்தினால்தான் வெடிக்கும், பக்கத்திலிருந்து தட்டினால் பிழைக்கலாம். "கையிலை அவசரம் இருக்கக் கூடாது அக்கா. வீட்டுச் சண்டையை வீட்டிலை வைச்சிட்டு வரவேணும்" என்றாள் ஒரு தங்கச்சி. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். துப்பரவு செய்து கொடுத்த காணியில் முதலில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "கிணத்தை இறைப்பினம். ஆனால் அதுக்கு முன்னம் நாங்கள் கிணத்துக்குள்ளையும் பாக்கவேணும்." வெடிபொருளை எறிய வசதியான இடம் கிணறுதானே.

பரந்தனில் திரும்பி ஏ35. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. 2009 இறுதிப் போரில் சனம் நகர்ந்து நகர்ந்து போன பாதை இதுவேதான், பெயர்ப் பலகைகள் அதே வரிசையில் வருகின்றன. முள்ளிவாய்க்காலில் பஸ் என்னை இறக்கிவிட்டுப் போனது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நந்திக்கடல், நடுவே ஒடுங்கிய மணல். மே 18 நினைவேந்தலுக்குச் சனம் கூடும் இடத்தில் இன்று மாடு மேய்கிறது. பாதுகாப்பு வலயம் என்று சொல்லி இதற்குள்தான் நெருக்கினார்கள். 40,000 வரையான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. உயிரோடு வட்டுவாகல் பாலத்தைத் தாண்டியவர்களை மெனிக் பாம் முகாமுக்குள் கம்பி போட்டு வைத்தார்கள்.

இறால் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தன் வளவுக்குக் கூப்பிட்டு இளநீர் வெட்டித் தந்தார். அந்த நாள்களைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். பங்கருக்குத் தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடுமாம், மணல் அல்லவா. அந்தத் தண்ணீரில்தான் கஞ்சி. ஒரு சிறங்கை அரிசி, உப்பு, தண்ணீர். "வடிச்சுக் குடிக்கத் துணி இல்லை. சாறியைக் கிழிச்சு மண்மூட்டை கட்டிப் போட்டம்." மே மாதத்தில் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கும் கஞ்சி அந்தக் கஞ்சிதான். எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசினால் சிலர் எழுந்து போவார்கள்.

சனி – தர்மபுரம்

என் அத்தை இங்கேதான் இருக்கிறார், அப்பாவின் தங்கை. 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயம் எரிந்தபிறகு, கையில் பிடித்த சாமானோடு வன்னிக்கு வந்த ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்களில் ஒன்று. அப்போது அவருக்கு இருபது வயதும் இல்லை. காடு வெட்டினார்கள், அடுத்தவர் வயலில் கூலி செய்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். 2009இல் அதே ஏ35இல் கிழக்கே நடந்து, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம், 2010இல் திரும்ப இங்கே. மலையகத்தில் நாடற்றவர், வன்னியில் "தோட்டக்காடு", முகாமில் எல்லாரையும் போல ஓர் இலக்கம்.

"வாம்மா, எளைச்சுப் போயிட்டியே" என்ற குரலைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தில் திருகிக்கொண்டிருந்த என் நாக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ரொட்டியும் கட்டச் சம்பலும். அத்தை வீடு இன்னும் பாதி தகரம். பக்கத்துக் காணிக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபாய் கிடைத்துக் கல்வீடு எழும்பியது. அத்தைக்குக் கிடைக்கவில்லை. காணிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இந்தக் காணியின் பத்திரம் 1977இல் இவர்களை இருக்கச் சொன்ன பெரியவரின் பெயரில். அவர் செத்து, பிள்ளைகள் நோர்வேயில். நாற்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தும் அலுவலகக் காகிதத்தில் இவர்கள் அத்துமீறிக் குந்தியிருப்பவர்கள். அதே திட்டத்தில் மலையகத்துக்கும் 4,000 வீடு ஒதுக்கினார்கள் என்று சொன்னேன். "அங்கயே இருந்திருந்தா கெடச்சிருக்குமோ?" என்று அத்தை கேட்டார். என் ஊரில் வரிசையில் நிற்பவர்களை எனக்குத் தெரியும், அதனால் பதில் சொல்லவில்லை.

காணிக் கச்சேரி (காணி விசாரணை) அடுத்த மாதமாம். அதற்குக் கொடுக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். மாமா பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினார்: மெனிக் பாம் அட்டை, பழைய கூப்பன் அட்டை, மூத்தவளின் பள்ளிக்கூட அனுமதிக் கடிதம், கிராம சேவையாளர் கொடுத்த வதிவிடச் சான்றுகள். 1990க்கு முந்திய காகிதம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஓட்டத்தில் போய்விட்டது.

"கெணறு வெட்டுன வருசத்தப் போடும்மா, எம்பத்தியொண்ணு" என்றார் மாமா.

அதற்கு ரசீது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ரசீது எங்க இருக்கு? வெட்டுன ஆளு இருக்காரு. விசுவமடுவுல. காது கேக்காது, ஆனா சாட்சிக்கு வருவாரு."

அவர் பெயரையும் முகவரியையும் கடிதத்தில் சேர்த்து, இரண்டு பிரதி எழுதினேன். கண்டி பஸ் காலை ஐந்தரைக்கு.